கைநாட்டு வைத்த தாயும் திக்கற்ற பிள்ளையும்: திருச்சபைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்துத் திருமண்டலங்களின் பேராயர்களுக்கும், கத்தோலிக்க மறைமாவட்டங்களின் ஆயர்களுக்கும், துறவற சபைகளின் தலைவர்களுக்கும், தன்னாட்சிச் சபைகளின் போதகர்களுக்கும், குழந்தைகள் இல்லங்களை நடத்திவரும் நிர்வாகக் குழுவினருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் என் வணக்கம்.

நான் ஏழாவது வயதில், போர்டிங் என்று நாங்கள் சொல்லும் மிஷன் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கப்பட்டவள். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, வேறொரு குழந்தைகள் இல்லத்தில் 19 ஆண்டுகள் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இல்லத்தின் உள்ளே பிள்ளையாகவும் இருந்திருக்கிறேன், பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் மேசைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறேன். தாய் உயிரோடிருக்கும் பிள்ளையை வறுமைக்காக இல்லத்தில் சேர்ப்பதைவிட, அந்தத் தாயே வளர்க்க அவளுக்கு உதவுங்கள் என்று கேட்க, இந்த இரண்டு இடங்களிலிருந்தும் பார்த்ததை வைத்தே இந்த மடலை எழுதுகிறேன். எந்த இல்லத்தின் பெயரையும் இதில் நான் குறிப்பிடப் போவதில்லை. என்னை வளர்த்த இல்லத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டவள் என்பதும், சொல்ல வந்த குறை ஏதோ ஒரு வளாகத்தோடு முடிந்துவிடுவது அல்ல என்பதும் அதற்குக் காரணம்.

என் அப்பா பனையேறி. ஒரு பதநீர்க் காலத்தில் பாளை சீவ ஏறியவர் மரத்திலிருந்து விழுந்து, இரண்டு நாள் கழித்து இறந்துபோனார். அம்மா பீடி சுற்றினாள். இடுப்பில் என் தம்பி இருந்தான். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு தகரப் பெட்டியில் இரண்டு பாவாடைகளையும் ஒரு தட்டையும் வைத்து, சபை ஊழியரின் கடிதத்தோடு அம்மா என்னைப் பேருந்தில் கூட்டிப்போனாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, நானே காப்பாளராக வேலைக்குச் சேர்ந்திருந்த சமயத்தில், நான் வளர்ந்த போர்டிங்குக்கு ஏதோ அலுவலாகப் போனபோது பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. என் பெயருக்கு எதிரே "திக்கற்ற பிள்ளை" என்று நீல மையில் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். அதே வரியின் கடைசிக் கட்டத்தில், "ஒப்படைப்பவர்" என்ற தலைப்பின்கீழ், என் அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. பீடி இலையை மடக்கி மடக்கித் தேய்ந்த விரலாகையால் ரேகை பாதிதான் பதிந்திருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தான் உயிரோடு எதிரே நிற்கும்போதே தன் மகளைத் திக்கற்றவள் என்று எழுதிய வரிக்குக் கைநாட்டு வைத்துவிட்டு அவள் ஊர் திரும்பியிருக்கிறாள்.

எழுதியவர் கெட்டவரல்ல. அந்தச் சொல் இருந்தால்தான் எனக்குச் சோறும் படிப்பும் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருந்தாலும் அவள் கைநாட்டு வைத்திருப்பாள். என்னை இத்தனை ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறு. அப்பாவை இழந்த ஒரு பிள்ளைக்கு உதவ வேண்டும் என்று மனதார நினைத்த நல்லவர்கள், அந்த உதவிக்கு விலையாக அம்மாவும் அந்தப் பிள்ளையின் கைநழுவிப் போகும்படி செய்துவிட்டார்கள். நான் படித்தேன், வேலைக்குப் போனேன். ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோதெல்லாம் அம்மா எனக்குப் பலகை போட்டு உட்காரவைத்து, விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் பரிமாறினாள். தம்பிக்கு அவள் தட்டிலிருந்து எடுத்து ஊட்டினாள். அவன் பட்டினி கிடந்து வளர்ந்தான், பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் அவன் அவளுடைய பிள்ளையாக வளர்ந்தான்.

நம்முடைய இல்லங்களின் முகப்பிலும் ஆண்டறிக்கைகளிலும் அதிகம் காணப்படும் வசனம் யாக்கோபு நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் வருவது: "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும், உலகத்தால் கறைபடாதபடிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளுகிறதுமே பிதாவாகிய தேவனுக்கு முன்பாக மாசில்லாத சுத்தமான பக்தியாயிருக்கிறது." இந்த வசனத்தைச் சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த நான், அந்தப் பதிவேட்டைப் பார்த்த நாளுக்குப் பிறகுதான் இரண்டு சொற்களைக் கவனித்தேன். முதல் சொல் "விதவைகள்." யாக்கோபு பிள்ளையையும் விதவையையும் ஒரே மூச்சில், ஒரே உபத்திரவத்தில் வைத்துச் சொல்கிறார். உபாகமத்திலே, வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டு யாருக்கு என்று சொல்லும் இடத்திலும், சங்கீதத்திலே தேவனைத் திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன் என்று சொல்லும் இடத்திலும் விதவை பக்கத்திலேயே நிற்கிறாள். நாம்தான் வசனத்தை நடுவில் வெட்டிப் பிள்ளையை மட்டும் வளாகத்துக்குள் எடுத்துக்கொண்டு, விதவையைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

இரண்டாவது சொல் "விசாரிக்கிறது." நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போகிறோம், சுகம் விசாரிக்கப் போகிறோம்; அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என்ன நடந்தது, இனி என்ன செய்வாய், அடுப்பு எரிகிறதா என்று கேட்பதற்குத்தான் விசாரிப்பு என்று பெயர். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலிருந்து யாரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

இல்லங்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அவை எப்படித் தோன்றின என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தாயும் தகப்பனும் மாண்டுபோன பிள்ளைகள் சாலையோரங்களில் கிடந்தார்கள். நம் தென்மாவட்டத்து நாசரேத்தில் மிஷனரி மர்காஷிஸ் ஐயரைப் போன்றவர்கள் அவர்களை எடுத்து வளர்த்துக் கைத்தொழிலும் கற்பித்தார்கள். பிற்பாடு நெல்லைச் சீமையின் டோனாவூரில் இல்லம் நடத்திய அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையாரிடம் 1901-இல் வந்துசேர்ந்த பிரீனா என்ற சிறுமி, கோயிலுக்கு நேர்ந்துவிடப்படுவதிலிருந்து தப்பி ஓடியவள்; அதற்கு முன் ஒருமுறை தன் தாயைத் தேடி ஓடி, அந்தத் தாயாலேயே திரும்ப ஒப்படைக்கப்பட்டவள். அவளுக்குத் திரும்பிப்போக ஒரு வீடு இருக்கவில்லை. நம் பிரசங்கங்களில் தவறாமல் வரும் ஜார்ஜ் முல்லர், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836-இல் முதல் இல்லத்தைத் திறந்து, 1870-க்குள் 2,050 பிள்ளைகள் தங்கக்கூடிய ஐந்து பெரிய கட்டடங்களை எழுப்பினார். ஒருவரிடமும் கைநீட்டாமல் ஜெபித்தே அவர் பெற்றார் என்று சொல்லிச் சிலிர்க்கிறோம். ஆனால் தாய், தகப்பன் இருவரையும் சாவுக்குப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கென்றே அவர் அந்த இல்லங்களைத் தொடங்கினார் என்பதை நம் மேடைகளிலிருந்து நான் ஒருமுறையும் கேட்டதில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் 1958-இல் அந்தப் பெரிய கட்டடங்களை விற்றுவிட்டுச் சிறு சிறு குடும்ப வீடுகளுக்குப் பிள்ளைகளை மாற்றினார்கள் என்பதையும் கேட்டதில்லை.

அதே இங்கிலாந்தில் வேறொன்றும் நடந்தது. 1869-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகளாக, கிறிஸ்தவ அறப்பணி அமைப்புகள் பலவும் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஏழைப் பிள்ளைகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றின. பிறகு ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பின. அவர்களில் ஏராளமானோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். அனுப்பியவர்கள் ஜெபித்துத்தான் அனுப்பினார்கள். 2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரும், 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமரும் அந்தப் பிள்ளைகளிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்கள். நல்லெண்ணமும் ஜெபமும் இருந்தும் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிட முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நம் போர்டிங்குகள் பஞ்சத்துக்குப் பிறகும் நிலைத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. இருந்தாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. வீட்டில் ஒரு வேளைக்கு மேல் அடுப்பு எரியவில்லை. தேரிக்காட்டிலும் கரிசல் காட்டிலும் பிறந்த எத்தனையோ பேர் போர்டிங் இல்லாவிட்டால் எழுத்து அறிந்திருக்க மாட்டார்கள். நானும் அறிந்திருக்க மாட்டேன். ஆனால் 1956-இல் மதிய உணவும், 1982-இல் சத்துணவும், 2022-இல் காலை உணவும் வந்து, பெரும்பாலான ஊர்களுக்கு நடந்தோ பேருந்திலோ போய்ச் சேரும் தூரத்தில் உயர்நிலைப் பள்ளி வந்துவிட்ட பிறகும், எந்தக் காரணத்துக்காக ஒரு தலைமுறைக்கு முன் பிள்ளைகளை எடுத்தோமோ அதே காரணத்தைச் சொல்லி இன்றும் எடுத்துக்கொண்டிருப்பது சரிதானா என்று உங்கள் குழுக்கூட்டங்களில் எப்போதாவது கேட்டதுண்டா? என் 19 ஆண்டுகளில், என் பொறுப்பிலிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ இருந்தார்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் வேப்பமரத்தடி முழுவதும் அம்மாக்களாகவே இருப்பார்கள், மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு.

ஒரு ஜூன் மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கணவனை இழந்து நான்கு மாதம் ஆகியிருந்த ஒரு பெண் மூன்று பிள்ளைகளோடு என் மேசைக்கு முன் வந்து நின்றாள். இடம் ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு நடுப்பிள்ளையை முன்னால் தள்ளினாள். ஏன் இவன் என்று கேட்டேன். "இவந்தாம்மா ரெம்பச் சாப்பிடுவான்" என்றாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். எட்டு வயதுப் பிள்ளை, தான் அதிகம் சாப்பிடுவதால்தான் வீட்டை விட்டு அனுப்பப்படுகிறோம் என்று தெரிந்துகொண்டு உள்ளே வந்தான். அதற்குப் பிறகு நான் பார்த்த வரையில், எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் இரண்டாம் முறை சோறு கேட்டதே இல்லை.

அன்று நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேதத்தில் இருக்கிறது. எனக்குத்தான் அது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் விதவை, கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான் என்று எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிடுகிறாள். எலிசா பிள்ளைகளைத் தன் ஜாகைக்கு அழைத்துப் போகவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயே பெருகி, விற்றுக் கடன் தீர்த்து, மீந்ததைக்கொண்டு "நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்" என்பதில் அந்தக் கதை முடிகிறது. நாயீன் ஊர் விதவையின் மகனை ஆண்டவர் எழுப்பியபோதும், தம்மோடு சீஷனாக அழைத்துக்கொண்டு போகாமல், "அவனை அவன் தாயினிடத்தில் ஒப்புவித்தார்" என்று லூக்கா எழுதுகிறார். நாணல் பெட்டியில் கிடந்த மோசேயின் கதையில், பால் கொடுக்க வந்த எபிரெயப் பெண்தான் அவனைப் பெற்றவள் என்று தெரியாமலே பார்வோனின் குமாரத்தி ஒரு காரியம் செய்தாள்: பிள்ளையை வளர்க்கப் பெற்றவளுக்கே சம்பளம் கொடுத்தாள்.

இன்று அரசாங்கம் செய்ய முன்வருவதும் ஏறக்குறைய அதையேதான். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கும் கடைசி முடிவாக இருக்க வேண்டும் என்பதை அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்திலேயே தாய்க்கோ உறவினருக்கோ பண உதவி தந்து பிள்ளையை வீட்டிலேயே வளர்க்கும் நிதி ஆதரவு இருக்கிறது. வேறொரு குடும்பத்தில் தற்காலிகமாக வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின்கீழ் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்பது வரம்பு. பீடி சுற்றும் விதவைக்கு அந்த வரம்பு ஒரு தடையே அல்ல. கொரோனாவில் பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் தர 2021 மே மாதத்தில் தமிழக அரசு முன்வந்தது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாதவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது.

பணம் இருக்கிறது, அது போய்ச் சேர வேண்டிய அடுப்படிக்குப் போய்ச் சேர்வதில்தான் சிக்கல். ஒரு விதவை இந்த உதவியைப் பெற வேண்டுமானால் கணவனின் இறப்புச் சான்று வேண்டும், வருமானச் சான்று வேண்டும், பிள்ளையின் பெயரில் ஆதாரும் வங்கிக் கணக்கும் வேண்டும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மூன்று நான்கு முறை அலைய வேண்டும். எழுத்தறியாத பெண் இரண்டாவது முறையே சோர்ந்துபோய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நம் கேட்டுக்கு வந்துவிடுகிறாள், ஏனென்றால் நம் கேட்டில் ஒரு கைநாட்டு போதும்.

இங்கேதான் திருச்சபையிடம் இருப்பது வேறு எவரிடமும் இல்லை என்று நான் துணிந்து சொல்கிறேன். சேகரத்துக்குள், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் வட்டாரத்துக்குள், யார் வீட்டில் சாவு விழுந்தது என்பது அடக்க ஆராதனைக்குப் போகும் சபை ஊழியருக்கு அன்றைக்கே தெரியும். நாற்பதாம் நாளுக்குள் அந்த வீட்டுக்கு இரண்டு முறையாவது போகிறார். ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, ஒவ்வொரு வீட்டின் சந்தா நிலுவை வரை அவரிடம் இருக்கிறது. அந்த ஊழியரே அந்தப் பெண்ணோடு தாசில்தார் அலுவலகத்துக்குப் போய் நின்றால் வேலை எத்தனை விரைவில் நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், எங்கள் இல்லத்தில் இடம் கேட்டு வந்த ஏழு தாய்மாருக்கு இப்படி நானும் ஓர் ஊழியரும் சேர்ந்து அலைந்தோம். ஐந்து பேருக்கு உதவித்தொகை வந்தது. வந்துசேரும்வரை ஆறு ஏழு மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியைத் தாண்ட அவர்களுக்கு அரிசி கொடுத்தது எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் பிடியரிசிப் பானை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் சாகவில்லை. அந்த அரிசி ஏலத்துக்கும் கட்டட நிதிக்கும் போவதற்கு முன் அதே தெருவிலிருக்கும் விதவையின் பானைக்குப் போகட்டும் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால், எதிர்த்துப் பேசுகிற சபை ஒன்றும் இருக்காது.

மதம் சம்பந்தமான ஒரு வார்த்தையையும் சொல்லாமல் விட முடியவில்லை. இல்லங்களை மூடினால் பிள்ளைகள் ஆண்டவரை அறியும் வாய்ப்புப் போய்விடும் என்று ஒரு குழு உறுப்பினர் வருத்தத்தோடு என்னிடம் சொன்னார். அவர் உள்ளத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் பிள்ளையின் பசியை வாசலாக வைத்துக்கொண்டு விசுவாசம் உள்ளே நுழையக் கூடாது. இந்து வீட்டுத் தாய் ஒருத்தி, முஸ்லிம் வீட்டுத் தாய் ஒருத்தி, நம் ஊழியர் தனக்காக வெயிலில் அலுவலக வாசலில் நின்றதையும், பதிலுக்கு ஒன்றையும் கேட்காததையும் பார்த்து எங்கள் கர்த்தரைப் பற்றி என்ன நினைக்கிறாளோ, அது அவளுக்கும் கர்த்தருக்கும் உள்ளது.

வீட்டிலேயே வைத்து வளர்க்க முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். குடித்துவிட்டு வரும் தகப்பனுக்கோ சித்தப்பனுக்கோ பயந்து இரவெல்லாம் அண்டை வீட்டுத் தொழுவத்தில் ஒளிந்திருந்த பெண்பிள்ளையை நான் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். அவளை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பு என்று யாராவது சொன்னால் நானே கதவை அடைத்துக்கொண்டு நிற்பேன். ஒருவருமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக இல்லங்கள் இருக்கட்டும், ஆனால் சிறியவையாக இருக்கட்டும். நூறு பாய் விரித்த நீண்ட கூடமும், மணியடித்தால் வரிசையும், பெட்டியில் பெயருக்குப் பதில் எண்ணும் ஒரு பிள்ளைக்கு வீடாக முடியாது. டோனாவூரில் நூறாண்டுக்கு முன்பே பிள்ளைகளைச் சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, வளர்ப்பவர்களை அக்காள் என்றும் சித்தி என்றும் அண்ணாச்சி என்றும் அழைக்க வைத்தார்கள். எமி கார்மைக்கேலையே அம்மா என்றுதான் அழைத்தார்கள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு அவர்கள் வந்துசேர்ந்த நாளைக் கொண்டாடினார்கள். முறை வைத்துக் கூப்பிட ஓர் ஆள் வேண்டும் என்பதைத் தமிழர் அல்லாத அந்த அம்மையார் நம் வீடுகளைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறார்.

பிறந்த நாள் என்றதும் இன்னொன்று. நன்கொடையாளர் குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் பிறந்த நாளுக்கு இல்லத்துக்கு வந்து கேக் வெட்டி, பிரியாணி போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லெண்ணத்தில்தான். என்னிடமிருந்த ஒரு சிறுமி, கார் உள்ளே வரும்போதே தங்கையின் மூக்கைத் துடைத்துவிட்டு, "சிரி, சிரி" என்று சொல்லிப் பழக்குவாள். அவளுக்கு வயது ஒன்பது. அருள்கூர்ந்து பிள்ளைகளை மேடையேற்றி, "இவள் தகப்பன் இப்படிச் செத்தான்" என்று சொல்லிக் காணிக்கை எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்டறிக்கையிலும் நாட்காட்டியிலும் பிள்ளைகளின் முகத்தைப் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். முகமில்லாமல் பணம் வராது என்று பொருளாளர்கள் சொல்வார்கள். வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பல இல்லங்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் குறைந்திருப்பது உண்மை. அப்படியானால் குறைந்த பணத்தில் கட்டடத்தையும் கேட்டையும் காவலாளியையும் காப்பாற்றுவதா, தாய்களின் கையில் கொடுத்து அதிகப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதா என்று கணக்குப் பார்க்க இதைவிட ஏற்ற சமயம் இல்லை.

பதிவு பெறாத இல்லங்களைப் பற்றி நான் நீட்டி எழுத வேண்டியதில்லை. சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த கொடுமைகளைக் குறித்து 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, எல்லா இல்லங்களையும் பதிவு செய்யவும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வைத்திருக்கவும் சொன்னது. அந்த வழக்கின் தலைப்பிலேயே நம் மாநிலத்தின் பெயர் இருப்பதை நினைத்து நான் வெட்கப்படுகிறேன். உங்கள் எல்லைக்குள் ஏதாவது ஒரு போதகர், கர்த்தர் எனக்குத் தரிசனம் கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டு, குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்காமல் பிள்ளைகளை ஒரு வாடகை வீட்டில் வைத்திருந்தால், அவரைத் தட்டிக்கேட்கும் முதல் ஆள் ஆட்சியராக இல்லாமல் நீங்களாக இருக்க வேண்டும்.

கடைசியாக, 18 வயது நிறைந்து வெளியே போகும் பிள்ளைகள். எங்கள் இல்லத்திலிருந்து போன ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவன். பெட்டியோடு பேருந்து நிலையத்தில் இறங்கியபின் எங்கே போவது என்று தெரியாமல், அன்று இரவு திரும்ப எங்கள் கேட்டுக்கே வந்து உட்கார்ந்திருந்தான். இடம் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அவனுக்கு ரேஷன் அட்டை இல்லை, முகவரி என்று எழுத ஒரு வீட்டெண் இல்லை, வாடகைக்கு அறை கேட்டால் "சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்" என்ற முதல் கேள்விக்கே பதில் இல்லை. இப்படி வெளியே போனவர்களுக்கு 21 வயது வரையும், தேவைப்பட்டால் 23 வரையும் பிற்காப்பு என்ற ஆதரவைத் தரலாம் என்று சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. நகரங்களில் நமக்குப் பூட்டிக்கிடக்கும் மிஷன் பங்களாக்கள் எத்தனை இருக்கின்றன என்பது உங்கள் சொத்துப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர் தங்கி, கல்லூரிக்கோ வேலைக்கோ போய்வர ஏற்பாடு செய்யலாம். சபையில் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போய்விட்டு முதியவர்கள் மட்டும் தனித்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. பண்டிகைக்கு வந்து போக ஒரு வீடு, திருமணப் பேச்சில் பெரியவராக வந்து உட்கார ஓர் ஆள் என்று, அப்படிப்பட்ட ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பேற்றால் அது எத்தனை பெரிய காரியம் என்று போர்டிங்கில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி" என்று சங்கீதக்காரன் சொல்லும் வீடுவாசல் அது.

நான் கேட்பவை எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது என்பதை அறிவேன். ஆகையால் வரும் ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன் ஒன்றை மட்டும் செய்யுமாறு உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் இல்லங்களின் சேர்க்கைப் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளையைக் கூட்டிவந்த தாயையோ பாட்டியையோ உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "உன் வீட்டில் என்ன இருக்கிறது? என்ன இருந்தால் இவனை நீயே வளர்ப்பாய்?" என்று காப்பாளர் கேட்டு, அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே அந்தக் கட்டத்தில் எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டோ கையெழுத்தோ வாங்க வேண்டும். மாதம் இரண்டாயிரம் என்று ஒருத்தி சொல்லலாம். ஒரு தையல் இயந்திரம் என்று சொல்லலாம். கந்துவட்டிக்காரனுக்குக் கட்ட வேண்டிய பதினைந்தாயிரம் என்று சொல்லலாம். அந்தப் பக்கங்களை ஜூலை மாதக் குழுக்கூட்டத்தில் உங்கள் முன்னால் வைத்து, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

கிறிஸ்துவின் பணியில் தங்களுக்குக் கீழ்ப்பட்ட,
ஓய்வுபெற்ற இல்லக் காப்பாளர் ஒருத்தி,
திருநெல்வேலி மாவட்டம்.